கலிபியேயில் விழுந்த அடி

2022 ஜூலை 13 அன்று நடந்த டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 11ஆம் கட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் கடைசி ஐந்து கிலோமீட்டரைத்தான் பேசுகிறார்கள். மறக்க முடியாத காட்சி அது. ஆல்ப்ஸ் மலையில், கடல் மட்டத்திலிருந்து 2,413 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கிரனோன் கணவாய். அதற்கு ஏறும் குறுகலான சாலையில் டென்மார்க்கின் யோனஸ் விங்கெகார் இருக்கையிலிருந்து எழுந்து மிதிக்கிறார். முந்தைய இரண்டு ஆண்டும் பட்டம் வென்று, அன்று காலை விங்கெகாரைவிட 39 விநாடி முன்னிலையோடு, மொத்த நேரத்தில் முதலிடம் வகிப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியில் புறப்பட்ட ஸ்லோவேனியாவின் டடேய் பொகாச்சரால் அவரைத் தொடர முடியவில்லை. ஜெர்சியின் ஜிப் திறந்து இருபுறமும் படபடக்கிறது, உடம்பு ஆடுகிறது. இன்னொரு போட்டியாளரான கெரைன்ட் தாமஸ் சீரான மிதியில் பின்னாலிருந்து வந்து அவரைத் தாண்டிப் போகிறார். உச்சியை எட்டியபோது விங்கெகாருக்கும் பொகாச்சருக்கும் இடையே 2 நிமிடம் 51 விநாடி. வலுத்தவர் வென்றார் என்று கதையை அங்கேயே முடித்துவிடுகிறோம். அந்தக் கதையில் பாதிதான் இருக்கிறது. பொகாச்சரைச் சாய்த்த அடி அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே வேறொரு மலையில் விழுந்துவிட்டது. அடித்தது ஒரே ஒரு கை அல்ல.

ஆல்பர்வில்லில் தொடங்கிய அந்த 152 கிலோமீட்டர் பாதையில் தெலெகிராஃப், 2,642 மீட்டர் உயரமுள்ள கலிபியே, பிறகு கிரனோன் என மூன்று பெரிய ஏற்றங்கள். விங்கெகாரின் யும்போ-விஸ்மா அணி வவுட் வான் ஆர்ட்டையும் கிறிஸ்டோஃப் லபோர்ட்டையும் முன்கூட்டியே முன்னணிக் குழுவில் அனுப்பி வைத்திருந்தது. பின்னால் தலைவருக்குத் துணை தேவைப்படும்போது முன்னே ஆள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. முடிவுக்கோட்டுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே தாக்குதல் தொடங்கியது. அதே அணியின் மற்றொரு தலைவரான பிரிமோஸ் ரோக்லிச் பாய்வார். பொகாச்சர் துரத்திப் பிடிப்பார். விங்கெகார் அவர் பின்சக்கரத்தை ஒட்டியே வருவார். பிடித்து மூச்சு வாங்குவதற்குள் விங்கெகார் பாய்வார். அதையும் பொகாச்சரே துரத்த வேண்டும். இருவரில் யாரை விட்டாலும் ஆபத்து. கலிபியே ஏற்றத்தில் பொகாச்சருக்குக் கைகொடுக்க அவருடைய அணியினர் யாரும் அருகில் இல்லை. அவர் சளைக்காமல் எல்லாப் பாய்ச்சலுக்கும் பதில் சொன்னார், உச்சியை நெருங்கியபோது தாமே வேகமும் கூட்டினார். பார்த்தவர்களுக்கு அது அவருடைய வலிமையாகத் தெரிந்தது. உண்மையில் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது.

மலையில் அணிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சமதளத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உழைப்பின் பெரும்பகுதியைக் காற்று தின்றுவிடும். முன்னால் போகிறவரின் மறைவில் போனால் பெருமளவு மிச்சமாகும். கிரனோனோ 11.3 கிலோமீட்டருக்குச் சராசரி 9.2 சதவீதச் சரிவு. அங்கே வேகம் 20 கிலோமீட்டரைத் தொடுவதே கடினம். காற்றுக்குப் போகும் உழைப்பு பத்தில் ஒரு பங்குகூட வராது, மீதியெல்லாம் உடல் எடையைத் தூக்கத்தான். கேள்வி நியாயமானது, கிரனோனைப் பொறுத்தவரை சரியானதும்கூட. ஆனால் அங்கே யாரும் யாரையும் காப்பாற்ற முடியாது என்பதால்தான் அணியின் வேலை அதற்கு முன்பே முடிந்தாக வேண்டியிருக்கிறது. கலிபியேக்கும் கிரனோனுக்கும் இடையே நீண்ட இறக்கமும் பள்ளத்தாக்கும் உண்டு. அங்கே காற்றுதான் எதிரி, அங்கே துணை இருந்தவருக்குக் கால்களில் வலு மிஞ்சியது. ஒரே வேகத்தில் ஏறுவதும், பாய்ந்து நின்று மறுபடி பாய்வதும் ஒரே செலவு இல்லை. திடீர்ப் பாய்ச்சல் ஒவ்வொன்றும் தசையில் சேமித்த சர்க்கரையை அள்ளிச் செலவழிக்கிறது.

பொகாச்சர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான் என்போரும் உண்டு. இருக்கலாம். உடம்பு கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருப்பது ஏறத்தாழ 500 கிராம்தான். மணிக்கு 90 கிராமோ அதற்கு மேலோ மாவுச்சத்தை வழியிலேயே உள்ளே தள்ளாவிட்டால் இத்தகைய நாளைத் தாங்க முடியாது. அடுத்த பாய்ச்சல் எப்போது வரும் என்று இருவரைக் கண்காணித்துக்கொண்டு, வாயைத் திறந்தால் மூச்சுக்கே போதாத நிலையில், பாக்கெட்டிலிருந்து எடுத்து மெல்ல எவருக்கு நேரம் கிடைக்கும்? பட்டினி அந்தத் தாக்குதலுக்கு வெளியே நின்ற விபத்து என்று எப்படிச் சொல்வது? கொரோனா தொற்றால் பொகாச்சரின் அணி ஏற்கெனவே இரண்டு துணைவீரர்களை இழந்திருந்தது என்பதும் உண்மை. அது துரதிர்ஷ்டமே. அந்த இருவரின் இழப்பு இத்தனை பெரிதாக உறுத்துகிறதென்றால், இந்த விளையாட்டைத் தனிமனிதப் போட்டியாகப் பார்ப்பது எவ்வளவு பிழை என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரே அணியில் இரண்டு தலைவர்கள் இருந்தால் இப்படிக் கைகோப்பார்கள் என்ற உத்தரவாதமும் இல்லை. இதே கிரனோனில் 1986ஆம் ஆண்டு பெர்னார் ஈனோவிடமிருந்து மஞ்சள் ஜெர்சி கைமாறியபோது அதைப் பெற்றவர் அவருடைய அணியைச் சேர்ந்த கிரெக் லெமாண்ட்தான்; அந்த இருவருக்கிடையேயான பகை ஊரறிந்தது. ரோக்லிச் சாதாரணத் துணைவீரர் இல்லை. ஸ்பெயின் சுற்றுப்பந்தயத்தை 2019 முதல் தொடர்ந்து மூன்று முறை வென்றவர். 2020 டூரில் பந்தயம் பாரிஸில் முடிவதற்கு முந்தைய நாள் மஞ்சள் ஜெர்சியைப் பொகாச்சரிடம் பறிகொடுத்தவர். 2022இல் 5ஆம் கட்டத்தில் கீழே விழுந்து தோள்பட்டை விலகியிருந்த நிலையில், தமக்கு இனி வாய்ப்பில்லை என்று தெரிந்தும் கலிபியேயில் திரும்பத் திரும்பப் பாய்ந்தார். விங்கெகார் பாரிஸில் பட்டம் வென்றபோது பொகாச்சரைவிட 2 நிமிடம் 43 விநாடி முன்னே இருந்தார். கிரனோனில் கிடைத்தது அதைவிட 8 விநாடி அதிகம். ரோக்லிச் அன்று கிரனோனுக்கு வந்து சேர்ந்தது 11 நிமிடத்துக்கும் மேல் தாமதமாக. 15ஆம் கட்டம் தொடங்கும் முன்பே காயத்தோடு பந்தயத்திலிருந்து விலகினார். இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.