கரையோரக் களரி – 7: அண்ணாவியாரிடம் பாடம் கேட்ட பேராசிரியர்

கல்முனைக்குடியில் பிறந்தவருக்குப் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலைத் தெரியாமல் இராது. மருதமுனைக்குப் போகிற வழியில்தான் அந்த ஊர். வனவாசம், தவநிலை, தீமிதிப்பு என்று பதினெட்டு நாள் பாரதக் கதை அங்கே சடங்காகவே நடக்கும். சின்ன வயதில் இரவுக் காற்றோடு பறைச் சத்தம் வரும். "என்ன வாப்பா அது?" என்றால், "பாரதம் நடக்குது மகன், படு" என்பார். படுத்துக்கொண்டே கேட்டதுதான் நான் கண்ட முதல் நாடகம்.

அந்த மாதிரிச் சத்தத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் பேராசிரியர் சி. மௌனகுரு. 1943இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். பேராதனைக்குப் படிக்கப் போனபோது அங்கே காற்று மாறிக்கொண்டிருந்தது. நாடகம என்ற சிங்கள ஆட்ட மரபை எடுத்து 1956இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 'மனமே'யைப் போட்டிருந்தார். அந்த நாடகமவுக்கே மூலம் நம் கூத்துத்தான். அப்படியிருக்க நாம் ஏன் சும்மா இருக்கிறோம் என்று பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஊரூராகப் போய்க் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரைத் தேடினார். 'கர்ணன் போர்' 1962இல் மேடையேறியது. 1965இல் வந்த 'இராவணேசன்' மௌனகுரு எழுதியது. இராவணனாக ஆடியவரும் அவரே.

கூத்துப் பழகுவது லேசான காரியமல்ல. யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவு செய்து சட்டம், அதாவது அவரவர் பாட்டுப் படி, கொடுப்பார்கள். மாதக்கணக்கில் ஆட்டம் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, கடைசியில்தான் அரங்கேற்றம். அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், சல்லாரி தாளம் பிடிக்கும், வட்டக்களரியைச் சுற்றி ஊர் உட்கார்ந்திருக்கும். விடிய விடிய ஆடுகிற இந்தக் கூத்தைத்தான் பேராதனையில் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் சுருக்கி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையில் வைத்தார்கள். சுருக்கியதில் ஊர் கழன்று விழுந்துவிட்டது என்பது என் எண்ணம். ஆனால் சுருக்காமல் விட்டிருந்தால் கொழும்பு அதைப் பார்த்திருக்காது.

நான் மௌனகுருவில் மதிக்கிறது நடிப்பை அல்ல. பட்டம் பெற்றவன் ஆட்டக்காரனுக்குப் பாடம் சொல்லப் போகிற காலத்தில், இவர் அண்ணாவியாருக்கு முன்னால் மாணவனாக நின்றார். பிறகு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வுப்பொருளாக எடுத்தார்.

கற்றதைத் திருப்பியும் பிடித்தார். 1969இல் 'சங்காரம்'. வடக்கில் தீண்டாமைக்கு எதிரான போராட்டம் சூடாயிருந்த காலம். வடமோடி என்ற கூத்து வகையின் ஆட்டத்தில் அரசனும் அசுரனும் வருகிற இடத்தில் சாதி, இன, வர்க்க பேதங்கள் அரக்கர்களாக வந்து ஆடின. அவர்களை எதிர்த்து உழைப்பவர்கள் ஆடினார்கள். மகுடம் கட்டிய தலை எப்போதும் நல்ல தலையாக இருக்கத் தேவையில்லை என்று கூத்துக்குள்ளேயே காட்டிவிட்டார்.

கடல் கடந்து ஒரு பேச்சு. 1963இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் டோரிஸ் டெர்பி, ஜோன் ஓ'நீல், கில்பேர்ட் மோசஸ் மூவரும் 'ஃப்ரீ சதர்ன் தியேட்டர்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். வாக்குரிமைக்காக அடிபட்டுக்கொண்டிருந்த கறுப்பின மக்களிடம் அவர்கள் கொண்டுபோன நாடகங்களில் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' ஒன்று. அவர்கள் பிறர் நாடகத்தை வயல் வெளிக்குக் கொண்டுபோனார்கள். நம்மவர்கள் வயல் வெளி நாடகத்தை மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். தலைகீழ்ப் பயணம், ஆனால் காலம் ஒன்று.

யாழ்ப்பாணத்தில் மௌனகுரு நெறிப்படுத்திய, ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் 'புதியதொரு வீடு' நம் கரைக்காரருக்கு நெருக்கமானது. கடலுக்குப் போனவன் செத்தான் என்று எண்ணி, அவன் மனைவி அவனுடைய தம்பியை மணக்கிறாள். போனவன் திரும்பி வருகிறான். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ யாரும் அந்தக் கதையைச் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியாது.

1986இல் பெண்கள் நிலை பற்றி 'சக்தி பிறக்குது', சிறுவருக்குத் 'தப்பி வந்த தாடி ஆடு', பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை, புது மாணவர்களோடு மறுபடி இராவணேசன். இதற்கெல்லாம் முன்பே 1979இல் சித்திரலேகா மௌனகுருவோடும் எங்கள் கல்முனைக்குடி எம்.ஏ. நுஃமானோடும் சேர்ந்து 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' எழுதினார். அட்டையில் தமிழரும் முஸ்லிமுமாய் மூன்று பெயர். அந்தக் காலத்தில் அது ஒரு செய்தியாகவே இருக்கவில்லை. இன்று அதைச் சொல்லிக்காட்ட வேண்டியிருக்கிறது.

ஒன்றை மனசுக்குள் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். எங்கள் பகுதியில் பொல்லோடு பொல் தட்டிப் பொல்லடி ஆடுகிறவர்களும் தங்கள் தலைவரை அண்ணாவி என்றுதான் கூப்பிடுவார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் வயதான அண்ணாவி ஒருவரைக் கண்டேன். வட்டம் சுற்றி முடித்துவிட்டு வேர்வையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். பாட்டெல்லாம் எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பொல்லால் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

(தொடரும்)