பதற்ற நோய்க்குரிய மாத்திரைகள்

பாவு அறுந்தாலும் பருவமழை பொய்த்தாலும் கவலை கொள்ளாதார் நம்முள் எவருமிலர். காரியம் சீரானதும் தணிந்துவிடும் கவலைக்கு மருந்து தேவையில்லை. ஆனால், தக்க காரணமின்றியே மாதக்கணக்கில் நெஞ்சு படபடத்து, உறக்கம் கெட்டு, தறியில் அமரவும் வயலுக்குச் செல்லவும் இயலாதபடி மனம் பதறுமாயின் அது நோயேயாகும். அதற்குரிய மருந்துகள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியமெனக் கருதுகிறோம்.

முதல் வகை, உட்கொண்ட ஒரு மணி நேரத்தில் பதற்றத்தை அடக்குவது. டயஸிபாம், அல்ப்ரஸோலம், லோராஸிபாம் முதலியன இவ்வகையின. லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் இரசாயன நிபுணர் கண்டறிந்த குளோர்டயஸிபாக்ஸைடு 1960-இலும், டயஸிபாம் 1963-இலும் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன் வழங்கிய பார்பிட்டுரேட்டுகளைவிட அபாயம் குறைந்தவையாதலால் இவற்றை வைத்தியர்கள் தாராளமாகவே எழுதிக் கொடுத்தனர். தீங்கு பின்னரே தெளிவாகப் புலப்பட்டது. சில வாரங்கள் தொடர்ந்து உண்டால் உடல் இவற்றுக்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் முன்னிலும் கடுமையான பதற்றமும் நடுக்கமும், சிலருக்கு வலிப்பும் உண்டாகும். மதுவுடன் சேர்ந்தால் மூச்சே அடங்கக்கூடும். இம்மாத்திரை தரும் தூக்கக் கலக்கத்தோடு விசைத்தறியருகே நிற்பது எத்தகைய ஆபத்து என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாம் வகையான செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவை மனச்சோர்வுக்கும் வழங்கப்படுபவை. "எமக்குச் சோர்வு இல்லையே" என்று சிலர் இவற்றை ஒதுக்குவது தவறு. நாட்பட்ட பதற்றத்திற்கு வைத்தியர்கள் முதலில் நாடுவது பெரும்பாலும் இவற்றையே. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் குமட்டல் தோன்றலாம். பதற்றம் சற்றுக் கூடவும் கூடும். இளவயதினருக்குத் தற்கொலை எண்ணம் தோன்றுகிறதா என்பதை வீட்டார் கவனித்து வருதல் வேண்டும். பத்தாம் நாளில், "பயனில்லை" என்று நிறுத்திவிட்டு முதல் வகைக்கே திரும்புவோர் பலர். விரைவில் கேட்டது நல்ல மருந்து, தாமதிப்பது வீண் மருந்து என்று எண்ணுவதே இங்கு நேரும் பெரும் பிழை. குணமான பின்னும் ஆறு மாதமேனும் தொடர்ந்து உண்டு, பின்னர் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

புரோப்ரனலால் என்பது நெஞ்சுத் துடிப்பையும் கைநடுக்கத்தையும் மட்டும் தணிப்பது. உள்ளிருக்கும் கவலையை நீக்காது. ஆஸ்துமா உள்ளவர் இதனை உண்ணலாகாது. பஞ்சுத் தூசியால் இளைப்புக் கண்டவர்கள் அதனை வைத்தியரிடம் முதலிலேயே தெரிவித்தல் வேண்டும். மேலும், தைராய்டு மிகுதியாலும் இதே படபடப்பு உண்டாகுமாதலால் இரத்தப் பரிசோதனை செய்வது நலம். பயிற்சி பெற்ற மனநல நிபுணர் வாரந்தோறும் பேசி அளிக்கும் சிகிச்சையும் பலருக்கு மருந்துக்கு ஒப்பான பலன் தருகிறது.

அல்ப்ரஸோலம், டயஸிபாம் போன்றவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது. 2014 முதல் கடைக்காரர் இவ்விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டுமென விதியுள்ளது. பழைய சீட்டைக் காட்டி மாதந்தோறும் வாங்குவது நம் ஊர்களில் இல்லாத வழக்கமன்று. ஏற்கெனவே பல ஆண்டுகளாக உண்டு வருவோர் இதனைப் படித்த வேகத்தில் இன்றே நிறுத்திவிடலாகாது. சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டி, அவர் சொல்லும் அளவில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ குறைத்துவர வேண்டும். எங்கே செல்வதென்று அறியாதோர் 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றிக் கேட்கலாம்.