"வாப்பா வேண்டாம்": குழந்தை சொல்கிறதா, சொல்ல வைக்கிறோமா?

தலாக் அல்லது குலாவுக்குப் பிறகு குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கில், "எனக்கு வாப்பா வேண்டாம்" என்றோ "உம்மாவிடம் போக மாட்டேன்" என்றோ பிள்ளை சொல்வதுண்டு. அது பிள்ளையின் சொந்த மனமா, கூட இருப்பவர்கள் ஊட்டியதா என்பதை நீதிபதி கண்டறிய வேண்டியிருக்கிறது.

பிரிந்த பெற்றோரில் ஒருவர் மற்றவர் மீது பிள்ளைக்குத் தொடர்ந்து வெறுப்பை ஊட்டி விலக்கி வைப்பதைப் 'பெற்றோரிடமிருந்து அந்நியப்படுத்துதல்' என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985இல் இதை ஒரு நோய்க்குறியாக முன்வைத்தார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு வழக்கில் இதைக் கருத்தில் கொண்டது. 21 மாதக் குழந்தையாக இருந்தபோதிலிருந்து தந்தையிடமே வளர்ந்த எட்டு வயதுச் சிறுமி அவள். தாயோடு பழகவே வாய்ப்பில்லாத பிள்ளையின் விருப்பத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்று கருதிய நீதிமன்றம், ஓராண்டுக்கு அவளைத் தாயிடம் ஒப்படைத்தது.

2024இல் அதே நீதிமன்றம் ஓர் எச்சரிக்கையும் செய்தது. இன்ன இன்ன செயல்கள் நடந்தன என்று அடையாளம் காணாமல், தாய் மீதோ தந்தை மீதோ இந்த முத்திரையை அவசரப்பட்டுக் குத்தக் கூடாது என்றது. காரணம் இருக்கிறது. அடியும் மிரட்டலும் கண்டு பயந்த பிள்ளையும் "வேண்டாம்" என்றுதான் சொல்லும். வன்முறைக்கு ஆளான தாய்மார்கள் மீதே இந்தக் குற்றச்சாட்டு திருப்பப்படுவதால், குடும்ப வழக்குகளில் இதைப் பயன்படுத்தத் தடை வேண்டும் என்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் 2023இல் பரிந்துரைத்தார்.

நம் ஃபிக்ஹில் ஹிழானத் எனும் வளர்ப்புரிமை முதலில் தாய்க்கு உரியது. ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளைக்கு ஏழு வயது வரை, பெண் பிள்ளைக்குப் பருவமடையும் வரை. ஷாஃபிஈ மத்ஹபில் விவரம் தெரியும் வயதை எட்டிய பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் தனிச் சட்டத்தைக் கவனித்தாலும், பிள்ளையின் நலனையே முதன்மையாகப் பார்க்கிறது. சுயமாக முடிவெடுக்கும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கிறது. சொல்லிக் கொடுத்த பதில் அந்த உரிமையையே பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறது.

ஆகவே பிரிந்த பின்னும் மற்றவரைப் பற்றிப் பிள்ளையின் முன் இழிவாகப் பேசாதீர்கள். சந்திப்பு நாளையும் போன் அழைப்பையும் தடுக்காதீர்கள். மறுபக்கம் தடுத்தால் தேதியோடு குறித்து வையுங்கள். பிள்ளைக்கு ஆபத்து இருந்தால் மறைக்காமல் நீதிமன்றத்தில் சொல்லுங்கள். நானா, நானி, தாதா, தாதிமார்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

நிக்காஹ் முறிந்தாலும் அவர் பிள்ளைக்கு வாப்பாதான், இவர் உம்மாதான்.