கூடவே இருக்கிறார் – 11: உட்கார்ந்தபடி செய்த அறுவை சிகிச்சை

ஓசூர் சிப்காட் பக்கத்து வாடகை ஹால் சபையையும், பவர் பிரஸ்ஸில் இரண்டு விரலைக் கொடுத்த தம்பியையும் போன வாரம் பார்த்தோம். அதற்குமேல் முன்கதை வேண்டாம். இந்த வாரம் பாகலூர் சாலை இரவு ஜெபத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். போக முடியவில்லை. அந்தத் தம்பி கேட்ட கேள்வி வழியை மறித்துவிட்டது: "சுகமானவங்கதான் மைக் பிடிக்கிறாங்க அண்ணே. எனக்குச் சாட்சி சொல்ல என்ன இருக்கு?"

பிரஸ் ஷாப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மெஷின் இறங்க வேண்டும். பீஸ் கணக்கு ஏறுவதற்காக ஒரு பட்டனை அழுத்திய வாக்கிலேயே ஒட்டிவைக்கும் இடங்கள் உண்டு. அங்கே சும்மா இருக்கிற கை, தகடு கோணலாக நின்றால் தன்னையறியாமல் டைக்குள் போய்விடும். அடுத்து வருவது நஷ்டஈட்டு அட்டவணை. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டுவிரலும் தலா 7. சட்டம் இப்படியாவது ஒரு கணக்குச் சொல்கிறது. வளராத விரலோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு நம் சபைகள் என்ன சொல்கின்றன?

பதில் தேடும்போது ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. கிருஷ்ணகிரியில் பிரிந்து வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டினால் வேலூர். நம் பக்கத்து ஜனங்கள் பெரிய வியாதி என்றால் பஸ் ஏறுகிற ஊர். அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்த இளம் டாக்டர் மேரி வர்கீஸ், 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு வெளியே போனபோது வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான வெட்டு. முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கர்த்தரை நம்பி மருத்துவத்துக்கு வந்த பெண். மாதக்கணக்கில் படுக்கை. கால்கள் திரும்பவே இல்லை.

அப்போது அதே ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பால் பிராண்ட் ஒரு யோசனை சொன்னார். இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். வயிற்று ஆபரேஷனுக்கு டாக்டர் நின்றாக வேண்டும். கைக்கு அப்படியில்லை. நோயாளியின் கையைச் சின்ன மேஜையில் நீட்டி வைத்து, எதிரே உட்கார்ந்தே செய்யலாம். தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் முறையை பிராண்ட் அங்கேதான் உருவாக்கியிருந்தார். வேலை செய்யும் தசை ஒன்றின் தசைநாரைப் பிரித்து, இழுத்துக்கொண்டுபோய் விரலில் தைப்பார்கள். பழைய தசைக்குப் புது வேலை. அதை நோயாளியின் மூளை மெல்ல மெல்லப் பழக வேண்டும். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்த ஆபரேஷனைக் கற்றார், செய்தார். தங்களைவிட அதிகம் முடங்கிய ஒருவர் தங்கள் விரலைத் தைப்பதைப் பார்த்த தொழுநோயாளிகளுக்கு அதுவே பாதி வைத்தியம் என்று நினைக்கிறேன். எந்தப் பிரசங்கமும் அதற்கு ஈடாகாது.

பிராண்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். ஊழியக்காரரான அப்பா ஜெஸ்ஸி அங்கேயே 1929இல் காய்ச்சலில் இறந்தார். மகன் அப்போது இங்கிலாந்தில் பள்ளிக்கூடப் பையன். சாவுச் செய்தி தந்தியில் முந்திவிட்டது. அப்பா முன்பே எழுதிப்போட்ட கடிதங்கள் கப்பலில் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. அம்மா ஈவ்லின் விதவையாக மறுபடி அதே மலைகளுக்கு ஏறி, 1974இல் சாகும்வரை ஊழியத்தை விடவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை, படுத்த படுக்கையாய்க் கிடந்த மேரியிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லிவிட்டுப் போகாமல் ஒரு வேலையைக் கையில் கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

யோபுவின் சிநேகிதர்களும் வந்த புதிதில் சரியாகத்தான் நடந்தார்கள். ஒரு வாரம் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தபோதுதான் கெட்டது. தேவன் உன்னோடு இருக்கிறார் என்று அடிபட்டவனிடம் சொல்ல வருகிறவர், முதலில் அவனோடு இருக்க வேண்டும். விரல் போன வாரம் பத்துப் பேர் போய் ஜெபித்தோம். மூன்றாம் மாதம், வேலை போனபின் எத்தனை பேர் போனோம்? இ.எஸ்.ஐ. பேப்பரை எழுதிக் கொடுக்க ஒருவராவது உட்கார்ந்தோமா?

மேரி அதோடு நிற்கவில்லை. வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அதற்கான துறையைத் தலைமையேற்று வளர்த்தார். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிப் பழக, வேலூர் பாகாயத்தில் 1966இல் மறுவாழ்வு மையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் காலமாகும்வரை கால் சுகமான சாட்சி அவரிடம் இல்லை. இந்தக் கதையைத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். சபையில் பேசுவதாகச் சொல்கிறான், பாஸ்டரும் சம்மதித்துவிட்டார்.

பாகலூர் சாலையில், ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாறி மாறி ஜெபிக்கும் இரவுக் கூடுகை அடுத்த வாரம். தம்பி பேசிவிட்டால் அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

(தொடரும்)