செஞ்சி மலைக்கோட்டையில் இஸ்லாமியர் சுவடுகள்

கொள்ளிடத்து நீரும் வீராணத்து நீரும் பாயும் குமராட்சி வட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்களே. குன்று என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு மலைக்கோட்டையின் கதையை நம்மவர் சிறுவயது முதலே அறிவர். கதைப்பாட்டிலும் கூத்திலும் தேசிங்குராசனைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவன் ஆண்ட செஞ்சியைக் காணச் செல்வோர் பலர், அதை இந்து மன்னர் கோட்டை என்று மட்டுமே எண்ணித் திரும்புகின்றனர். அங்குள்ள கல்லும் சுதையும் கூறும் வரலாறோ அதனினும் விரிவானது.

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சி உள்ளது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் வளைத்து நிற்கிறது. கோன் மரபினர் தொடங்கியதை விசயநகரத்தாரும் நாயக்கரும் பெருக்கினர். சேசுசபைக் குரு நிக்கோலாஸ் பிமெந்தா 1597-இல் சிதம்பரத்தில் கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டார். செஞ்சிக்கும் சென்ற அவர், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டு நகர் எதனினும் அது பெரியது என்று எழுதி வைத்தார்.

1649-இல் பீசப்பூர் சுல்தானின் படை கோட்டையைக் கைப்பற்றியது. 'பாத்ஷாபாத்' என்ற புதுப்பெயரும் சூட்டப்பட்டது. 1677-இல் சிவாஜி அதை வென்றார். அவர் மகன் இராசாராம் இங்கே தங்கியிருந்தபோதுதான், 1690-இல் தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைவரை அவர்களுக்கு உரிமை என்பது ஒப்பந்தம். கடலூர்ப் பக்கத்தில் 'குண்டு கிராமங்கள்' என்ற பேச்சு எழுந்தது அதனாலேயே! ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் அதே ஆண்டில் தொடங்கிய முற்றுகை, விட்டுவிட்டு நடந்து 1698-இல்தான் முடிந்தது. கோட்டை இம்முறை 'நுஸ்ரத்கட்' ஆயிற்று.

எட்டாண்டுகள் அது தாக்குப்பிடித்த காரணத்தை ராஜகிரியில் ஏறுவோர் எளிதில் உணர்வர். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து, 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமான பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் இருந்த மரப்பாலத்தை அகற்றிவிட்டால் பகைவனுக்கு வழியில்லை. மேலே நெற்களஞ்சியமும் வற்றாத சுனையும் இருந்தன.

கிருஷ்ணகிரி உச்சியிலுள்ள கொலுமண்டபம் நம்மை மிகவும் கவர்ந்தது. கூர்மையான வளைவுகளும் செங்கற் குவிமாடமும் அமைந்த இஸ்லாமியப் பாணிக் கட்டடம் அது. அருகிலேயே அரங்கநாதர் கோயில் நிற்கிறது. அடிவாரத்துக் கல்யாண மகாலும் பார்க்கத்தக்கது. நடுவே எட்டு அடுக்குக் கோபுரம். மேல் மாடங்களுக்கு மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கின்றனர். இது நாயக்கர் காலத்தது என்பர். ஆயினும் அதன் வளைவுகள் இஸ்லாமியக் கொத்தர் கலையிலிருந்து வந்தவை. ஆட்சி மாறுமுன்பே கலை குடிபுகுந்துவிட்டது போலும்!

புதுச்சேரி வாயிலருகே சாதத்துல்லாகான் மசூதி உள்ளது. கப்பத் தகராறினால் 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் படையெடுத்து வர, இளைஞனான தேசிங்கு போர்க்களத்தில் மடிந்தான். வென்ற நவாபு 1717-18-இல் கட்டிய மசூதியே இது. தோற்றவனுக்காக உயிர்விட்ட உயிர்த்தோழனும் மகபத்கான் என்ற முகமதியனே. மணக்கோலத்தில் இருந்தவன் செய்தி கேட்டுப் போருக்கு எழுந்தான் என்று பாடுகிறது கதைப்பாட்டு. தேசிங்குடன் தீக்குளித்த இராணியின் நினைவாகவே நவாபு இராணிப்பேட்டைக்குப் பெயரிட்டார் என்பதும் வழங்கிவரும் செய்தி. இதனை மதப்போர் என்று சொல்வோர் அந்தப் பாட்டை ஒருமுறை முழுதாகக் கேட்கட்டும்.

1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓரிரவில் கோட்டையைப் பிடித்தார். 1761-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 2025 சூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, தமிழகத்திலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. மகிழ்கிறோம். ஆயினும் மராட்டியர் ஆண்டது 21 ஆண்டுகள். பீசப்பூரார் ஆண்டது 28 ஆண்டுகள். காண வருவோருக்கு இதையும் சொல்லும் பலகை ஒன்று வேண்டும்.

குடும்பத்துடன் செல்வோர் வெயில் ஏறுமுன் ராஜகிரியில் ஏறி இறங்கிவிடுவது நன்று. மகாலும் மசூதியும் அடிவாரத்திலேயே இருப்பதால், மலையேற இயலாத முதியோரும் அவற்றை அமைதியாகச் சுற்றிப் பார்க்கலாம்.