வாசலில் நிறுத்தப்பட்ட விடுதலைப் படை

1898 ஜூலை 17. கியூபாவின் தென்கிழக்குக் கரையில் உள்ள சாண்டியாகோ நகரில் ஸ்பெயின் கொடி இறங்கி, அமெரிக்கக் கொடி ஏறியது. ஆனால் ஸ்பெயினை எதிர்த்து ஆண்டுக்கணக்காகப் போராடிய கியூப விடுதலைப் படைக்கு அந்த நகருக்குள் நுழைய அனுமதி இல்லை. அங்கே அதன் தளபதியாக இருந்த கலிக்ஸ்டோ கார்சியா சாதாரண ஆள் அல்ல. 1874இல் எதிரியிடம் பிடிபடும் நேரத்தில் தாடைக்கு அடியில் துப்பாக்கியை வைத்துத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர். குண்டு நெற்றி வழியே வெளியேறியும் பிழைத்தார். வாழ்நாள் முழுவதும் அந்தத் தழும்போடு திரிந்தார்.

சாண்டியாகோவுக்கு அருகே அமெரிக்கப் படை கரையிறங்கியபோது பாதுகாப்புக் கொடுத்தவர்கள் கார்சியாவின் ஆட்கள்தான். மற்ற ஊர்களிலிருந்து ஸ்பானியத் துணைப்படைகள் வந்துவிடாமல் பாதைகளை மறித்ததும் அவர்களே. இருந்தும், நகரம் சரணடைந்ததைப் பற்றித் தனக்கு ஒரு வார்த்தைகூட முறைப்படி தெரிவிக்கவில்லை என்று அமெரிக்கத் தளபதி ஷாஃப்டருக்கு அவர் கடிதம் எழுதினார். உள்ளே விட்டால் கியூபர்கள் ஸ்பானியர்களைப் பழிவாங்குவார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. நாங்கள் காட்டுமிராண்டிகள் அல்ல, ஏழைகள், கந்தல் உடுத்தியவர்கள், உங்கள் முன்னோர் விடுதலைக்காகப் போராடியபோது எப்படி இருந்தார்களோ அப்படித்தான் நாங்களும் இருக்கிறோம் என்பது கார்சியாவின் பதில். நேற்றுவரை எந்த ஸ்பானிய அதிகாரிகளை எதிர்த்தார்களோ, அதே அதிகாரிகள் நகர நிர்வாகத்தில் நீடிக்க விடப்பட்டார்கள். கார்சியா பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் படையோடு விலகிப்போனார்.

பள்ளிப் புத்தகங்களில் இந்தப் போர் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நடந்தது. நான்கு மாதத்துக்குள் முடிந்தது. கியூபர்களின் கணக்கு வேறு. அவர்கள் போரைத் தொடங்கியது 1868 அக்டோபர் 10. அன்று கார்லோஸ் மானுவல் டி செஸ்பெதெஸ் என்ற சர்க்கரை ஆலை முதலாளி தன் அடிமைகளை விடுவித்து, விடுதலைப் போரையும் அறிவித்தார். பத்தாண்டுகள் நீடித்த அந்தப் போர் 1878இல் ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. விடுதலையும் கிடைக்கவில்லை, அடிமை முறையும் முழுதாக ஒழியவில்லை. இந்த இரண்டும் இல்லாத சமாதானத்தை ஏற்க முடியாது என்று ஸ்பானியத் தளபதியிடம் நேருக்கு நேர் சொன்னவர் அந்தோனியோ மசேயோ என்ற கறுப்பினத் தளபதி. அடிமை முறை 1886இல்தான் ஒழிந்தது.

அடுத்த போருக்கான விதை அமெரிக்க மண்ணில் விழுந்தது. பதினாறு வயதில் கைதாகி, கல்லுடைக்கும் தண்டனை பெற்று, பிறகு நாடு கடத்தப்பட்ட கவிஞர் ஹொசே மார்த்தி, நியூயார்க்கில் இருந்துகொண்டு சிதறிக்கிடந்த கியூபர்களை ஒன்றுசேர்த்தார். அவருக்குத் தோள்கொடுத்தவர்கள் பெரிய மனிதர்கள் அல்லர். ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பாவிலும் கீ வெஸ்டிலும் சுருட்டு சுற்றிய தொழிலாளர்கள். அந்தப் பட்டறைகளில் ஓர் அழகான வழக்கம் இருந்தது. எல்லோரும் சுருட்டு சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளையும் நாவலையும் உரக்கப் படிப்பார். அவருக்கான சம்பளத்தைத் தொழிலாளர்களே கொடுத்தார்கள். அப்படிக் கேட்டுக்கேட்டு அரசியல் கற்றவர்கள், தங்கள் கூலியில் ஒரு பங்கைப் போருக்குக் கொடுத்தார்கள். 1892இல் மார்த்தி தொடங்கிய கியூபப் புரட்சிக் கட்சி அந்தப் பணத்தில் நின்றது.

1895 பிப்ரவரி 24 அன்று மீண்டும் போர் மூண்டது. மே 19 அன்று தோஸ் ரியோஸ் என்ற இடத்தில் மார்த்தி சுடப்பட்டு இறந்தார். அதற்கு முந்தின நாள் மெக்சிகோவில் இருந்த நண்பர் ஒருவருக்கு எழுதத் தொடங்கிய கடிதம் பாதியில் நிற்கிறது. கியூபா விடுதலை பெறுவதன் மூலம் அமெரிக்கா கரீபியத் தீவுகள் மீது பரவி, லத்தீன் அமெரிக்க நாடுகள் மீது விழுவதைத் தடுப்பதே தன் கடமை என்று அதில் எழுதியிருக்கிறார். ஸ்பெயினோடு போரிட்டுக்கொண்டே, ஸ்பெயினுக்குப் பின்னால் வரப்போகிறவரையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்த்திக்குப் பின் போரை நடத்தியவர் மாக்ஸிமோ கோமெஸ். பக்கத்துத் தீவில், இன்றைய டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர், முன்னாள் ஸ்பானிய ராணுவ அதிகாரி. ஸ்பெயினுக்குக் கியூபா வேண்டியிருப்பது கரும்புக்காக. கரும்பு எரிந்தால் ஸ்பெயினுக்கு இங்கே வேலை இல்லை என்பது அவர் கணக்கு. தோட்டங்கள் எரிந்தன. மசேயோ தீவின் கிழக்கிலிருந்து புறப்பட்டு, 1896 ஜனவரியில் மேற்கு முனைவரை போய்ச் சேர்ந்தார். வழிநெடுக ஸ்பானியப் படைகள் இருந்தும் தடுக்க முடியவில்லை.

ஸ்பெயின் கொடுத்த பதில் வலேரியானோ வெய்லர். 1896 பிப்ரவரியில் ஹவானாவில் வந்து இறங்கிய அவர், போராளிகளுக்குச் சோறு போடும் கிராமங்களே இல்லாமல் செய்துவிட்டால் போர் ஓய்ந்துவிடும் என்று நினைத்தார். குறித்த நாட்களுக்குள் மக்கள் அனைவரும் ராணுவக் காவல் உள்ள ஊர்களுக்கு வந்துவிட வேண்டும், வராதவர் எதிரி. பின்னால் விட்டுவந்த பயிர் எரிக்கப்பட்டது, மாடுகள் கொல்லப்பட்டன. வந்தவர்களுக்குச் சோற்றுக்கும் வழியில்லை, கூரைக்கும் வழியில்லை. கிடங்குகளிலும் தெருவோரங்களிலும் பசியும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அவர்களைக் கொன்றன. தீவின் மக்கள்தொகை ஏறக்குறைய 16 லட்சம். இந்த முகாம்களில் இறந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் என்பது பல வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. பத்தில் ஒருவர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். ஊர்களுக்குள் உணவு கொண்டுபோகக் கூடாது என்று போராளிகள் விதித்த தடையும் இந்தப் பட்டினியைக் கூட்டியது. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் மக்களை முகாமுக்குள் ஓட்டியவர் வெய்லர். அந்தப் பொறுப்பு அவருடையது, அவரை அனுப்பிய அரசினுடையது.

ஸ்பெயின் ஏறத்தாழ 2 லட்சம் சிப்பாய்களைக் கப்பலேற்றியது. அவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். காசுள்ளவர்கள் பணம் கட்டி விலக்குப் பெற்றுக்கொள்ளலாம் என்று சட்டமே இருந்தது. குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட மஞ்சள் காய்ச்சலில் செத்தவர்கள் பல மடங்கு. 1897 ஆகஸ்டில் பிரதமர் கானோவாஸ் சுட்டுக் கொல்லப்பட, புதிய அரசு வெய்லரைத் திரும்ப அழைத்து, தன்னாட்சி தருகிறோம் என்றது. கோமெஸ் அதை ஏற்கவில்லை. அதற்குள் ஸ்பெயினின் கையில் எஞ்சியிருந்தவை பெரும்பாலும் நகரங்கள்தாம்.

அமெரிக்கா வந்தது இந்தக் கட்டத்தில். அந்த நாட்டுக்குக் கியூபா மேல் இருந்த கண் புதிதல்ல. 1848இலேயே ஸ்பெயினிடம் விலைக்குக் கேட்டுப் பார்த்திருக்கிறது. கியூபச் சர்க்கரை பெருமளவில் போனதும் அங்கேதான். 1894இல் அமெரிக்கா சர்க்கரைக்கு மீண்டும் வரி போட்டதும் கியூபாவில் வேலையிழப்பும் பட்டினியும் பெருகின. அடுத்த ஆண்டே போர். ஹர்ஸ்ட்டும் புலிட்சரும் நடத்திய பத்திரிகைகளின் கூச்சலே அமெரிக்காவைப் போருக்குள் இழுத்தது என்று சொல்வதுண்டு. பத்திரிகை விற்றது, உண்மை. ஆனால் முதலீடும் சந்தையும் இல்லாத தீவுக்காக அவ்வளவு கூச்சலும் கப்பலாக மாறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

1898 பிப்ரவரி 15 இரவு ஹவானா துறைமுகத்தில் நின்ற ‘மெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து, 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியிலிருந்து வைத்த கண்ணிவெடி என்றது அமெரிக்கக் கடற்படை விசாரணை. நிலக்கரிக் கிடங்கில் பிடித்த தீதான் காரணமாக இருக்கலாம் என்று 1976இல் அதே கடற்படையின் அட்மிரல் ரிக்கோவரின் ஆய்வு சொன்னது. இந்த வெடிப்பில்தான் எல்லாம் மாறியது என்று எழுதுவது வழக்கம். என் பார்வையில் போரின் தன்மை மாறியது ஏப்ரல் 11 அன்று. அன்று அதிபர் மெக்கின்லி காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் கியூபாவில் தலையிட அனுமதி கேட்டார். ஆனால் போராளிகள் அமைத்திருந்த கியூபக் குடியரசை அங்கீகரிக்க மறுத்தார். அங்கீகரித்தால் நம் படையின் நடவடிக்கைகள் அந்த அரசின் ஒப்புதலுக்குக் கட்டுப்பட வேண்டிவரும் என்று காரணத்தையும் அவரே சொல்லியிருக்கிறார். செனட் அங்கீகாரத்தைச் சேர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இறுதி வடிவத்தில் அது நீக்கப்பட்டது. ‘கியூப மக்கள்’ விடுதலை பெற்றவர்கள் என்ற வாசகம் நின்றது. அந்த மக்களின் அரசுக்கு இடமில்லை. தீவைச் சொந்தமாக்கிக்கொள்ளும் நோக்கமில்லை என்ற டெல்லர் திருத்தம் மட்டும் சேர்ந்தது.

அரசு இல்லையென்றால் படையும் இல்லை. மூன்று ஆண்டுகள் களத்தில் நின்ற ஒரு ராணுவம், வழிகாட்டிகளின் கூட்டமாகச் சுருங்கிப்போனது. அதில் பெரும்பகுதி கறுப்பர்கள் என்பதும் வாஷிங்டன் ஆட்களின் கண்ணை உறுத்தியது. சிப்பாய்கள் வேண்டாம், துப்பாக்கியும் தோட்டாவும் போதும் என்று 1896இலேயே எழுதியவர் மசேயோ. அந்த ஆண்டு டிசம்பர் 7 அன்று அவர் விழுந்தார். அவரை விட்டுவர மறுத்த கோமெஸின் மகனும் அங்கேயே உயிர்விட்டான்.

போர் சீக்கிரம் முடிந்தது. மே 1 அன்று மணிலா விரிகுடாவில் ஒரு ஸ்பானியக் கடற்படையும், ஜூலை 3 அன்று சாண்டியாகோவுக்கு வெளியே இன்னொன்றும் அழிந்தன. ஆகஸ்ட் 12 அன்று சண்டை நிறுத்தம்.

மறுநாள், ஸ்பெயினின் இன்னொரு காலனியான பிலிப்பைன்ஸில் நடந்ததுதான் சாண்டியாகோ தற்செயல் அல்ல என்பதற்குச் சாட்சி. அங்கே எமிலியோ அகினால்டோ ஜூன் 12 அன்றே விடுதலையை அறிவித்து, மணிலாவைச் சுற்றி வளைத்திருந்தார். உள்ளே இருந்த ஸ்பானியத் தளபதியும் வெளியே இருந்த அமெரிக்கத் தளபதிகளும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, பெயருக்கு ஒரு சண்டை நடத்தினார்கள். நகரம் அமெரிக்கர்களிடம் சரணடைந்தது. பிலிப்பைன்ஸ் போராளிகள் நகருக்குள் வரக் கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் முக்கியமான பகுதி. ஒரு மாத இடைவெளியில், உலகத்தின் இரண்டு மூலைகளில், ஒரே செயல்.

டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த மேசையில் ஒரு கியூபர் இல்லை, ஒரு பிலிப்பைன்காரர் இல்லை. அகினால்டோவின் தூதர் ஃபெலிப்பே அகோன்சில்லோ பாரிஸ்வரை போயும் உள்ளே விடப்படவில்லை. 2 கோடி டாலருக்குப் பிலிப்பைன்ஸ் கைமாறியது. போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் கூடவே போயின. 1899 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் மக்கள் புதிய எஜமானருக்கு எதிராகப் போரில் இறங்க வேண்டியிருந்தது. பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாளே கார்சியா வாஷிங்டனில் இறந்திருந்தார்.

டெல்லர் திருத்தம் இருந்ததால் கியூபாவை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1901இல் பிளாட் திருத்தம் வந்தது: தேவைப்பட்டால் அமெரிக்கா தலையிடலாம், கடற்படைத் தளங்களுக்கு நிலம் தர வேண்டும். இதைக் கியூபா தன் அரசியல் சட்டத்தில் சேர்க்காதவரை தீவில் இருந்த அமெரிக்கப் படை வெளியேறாது. அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து, மார்த்தியின் நெருங்கிய தோழராக இருந்த ஹுவான் குவல்பெர்த்தோ கோமெஸ் அரசியல் நிர்ணய சபையில் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஜூன் 12 அன்று 16 பேர் ஏற்க, 11 பேர் எதிர்க்க, திருத்தம் நிறைவேறியது. 1903இல் குவாண்டனாமோ குத்தகைக்குப் போனது. இன்றும் அமெரிக்காவிடமே இருக்கிறது.

1902 மே 20 அன்று குடியரசின் முதல் அதிபராகப் பதவியேற்றவர் தோமாஸ் எஸ்த்ராதா பால்மா. 1868 போரில் களத்தில் நின்றவர். மார்த்திக்குப் பின் நியூயார்க்கில் கட்சியைத் தாங்கியவர். 1906இல் தேர்தல் தகராறில் உள்நாட்டுக் கிளர்ச்சி வெடித்தபோது, அவரே வாஷிங்டனிடம் படை அனுப்பச் சொன்னார். வந்த படை 1909வரை இருந்தது.