பழவேற்காட்டுக் கரையில் நான்கு மரக்கலங்கள்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் மலாய் முஸ்லிம்கள் தொழுகைக்குச் செல்லுங்கால் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். 'காயின்' என்றால் மலாய் மொழியில் துணி. 'பெலிக்காட்' என்பது யாது? அது நம் தமிழ்நாட்டு ஊர் ஒன்றின் பெயர்! திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், உப்பேரி ஒன்றின் தென்கரையில் அமைந்துள்ள பழவேற்காடே அது. வேல மரங்கள் அடர்ந்த பழங்காடு என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். போர்த்துக்கீசியர் அதனைப் 'பலியகாட்' ஆக்கினர். ஆங்கிலேயர் 'புலிகாட்' ஆக்கினர். ஆங்கில அகராதியிலும் கட்டமிட்ட வண்ணக் கைக்குட்டைக்கு இவ்வூரின் பெயர் ஏறியிருக்கிறது.

மேச்சேரிப் பகுதி வாசகர்க்கு, பெரும் நீர்ப்பரப்பு என்றவுடன் மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கமே நினைவுக்கு வரும். 1934ஆம் ஆண்டில் அணை எழுந்தபோது நீரில் மூழ்கிய ஊர்களையும், நீர் வடியும் காலங்களில் பண்ணவாடியில் தலைகாட்டும் நந்தியையும் தேவாலயக் கோபுரத்தையும் அவர்கள் அறிவர். அங்கே ஏரி வந்தது, ஊர்கள் பெயர்ந்தன. பழவேற்காட்டிலோ கதை தலைகீழ். ஏரி முன்னரே இருந்தது. அதனை நாடி மக்கள் பல திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்தனர். அவ்வாறு வந்து சேர்ந்தவர்களுள் ஒரு பிரிவினரான தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றையே இங்குக் காணப் புகுகின்றோம்.

ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் எஞ்சிய தென்பகுதி தமிழகத்திலும் கிடக்கின்றது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கின்றது. ஆரணியாறு தெற்கே வந்து கலக்கின்றது. பட்டினவர், இருளர், தலித் மக்கள், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் எனப் பல குடியினர் கரையில் வாழ்கின்றனர். மீன்பிடி இடங்களைப் பட்டினவர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் வழக்கம் ஆய்வாளர் பலரை இவ்வூருக்கு இழுத்து வந்தது. அது தனியே எழுத வேண்டிய பொருள்.

இவ்வூர் முஸ்லிம்களிடையே வழிவழியாக ஒரு வரலாறு வழங்கி வருகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், புதிதாகப் பதவியேற்ற கலீபாவுக்குத் திறை செலுத்த மறுத்த அரபியர் சிலர் மக்காவிலிருந்து வெளியேற்றப்பட்டனராம். அவர்கள் நான்கு மரக்கலங்களில் ஏறிக் கடலில் அலைந்து இந்த ஏரிக்கரையை அடைந்தனராம். அவர்களின் வழித்தோன்றல்களே தாங்கள் என்பர். இதற்குச் சான்றாக அரபி மொழி ஏடுகள் சில குடும்பங்களில் காக்கப்படுவதாகவும் கூறுகின்றனர்.

கேட்பதற்கு இனிய வரலாறு. ஆயினும் வரலாற்றுக் கண்கொண்டு நோக்கும்போது சில ஐயங்கள் எழுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மக்காவை ஆண்டவர்கள் ஷரீபுகள். கலீபாவோ பக்தாதில் இருந்தார். 1258ஆம் ஆண்டில் மங்கோலியர் பக்தாதை அழித்துக் கலீபாவையும் கொன்றனர். அதன் பின்னர் 1261 முதல் கெய்ரோவில் மம்லூக் சுல்தான்களின் நிழலில் கலீபா பட்டம் தொடர்ந்தது. இவர்களுள் எவர் மக்காவாசிகளிடம் திறை கேட்டார், எவரை நாடு கடத்தினார் என்பதற்கு மரபுரை விடை தரவில்லை.

மற்றொன்றும் உண்டு. மார்க் வில்க்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1810ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய தென்னிந்திய வரலாற்று நூலில், மேற்குக் கரை நவாயத்துகளும் கிழக்குக் கரை லெப்பைகளும் ஒரே வகையான மூலக் கதையைக் கூறுவதாகக் குறித்துள்ளார். அங்கே கொடுங்கோலனாக வருபவன் ஈராக்கின் ஆளுநனாயிருந்து 714ஆம் ஆண்டில் இறந்த ஹஜ்ஜாஜ் பின் யூசுப். காலம் ஐந்நூறு ஆண்டு மாறுகின்றது, ஆட்சியாளன் மாறுகின்றான். நாடு கடத்தலும் மரக்கலமும் மட்டும் மாறவில்லை. ஒரே கதை பல துறைமுகங்களில் இறங்கி, அந்தந்த ஊரின் உடையை உடுத்திக்கொண்டது போலும்!

அப்படியானால் அரபியர் வரவே பொய்யா? அவ்வாறு கொள்வதும் பிழை. சோழமண்டலக் கரைக்கு அரபு வணிகர் நூற்றாண்டுக் கணக்கில் வந்து சென்றனர். பருவக்காற்றுக்குக் காத்திருந்த மாதங்களில் தங்கினர், மணம் புரிந்தனர், குடியாயினர். பின்னர் இந்நாட்டவர் பலர் இஸ்லாத்தைத் தழுவினர். இவ்விரு நீரோட்டங்களும் கலந்தே தமிழ் முஸ்லிம் சமுதாயம் உருவாயிற்று. எக்குடும்பத்தில் எது எத்தனை பங்கு என்று பிரித்துக் காண்பது, ஏரியில் கலந்த ஆற்றுநீரையும் கடல்நீரையும் பிரிப்பதற்கு ஒப்பாகும். அரபியர்க்கும் அரபியரல்லாதார்க்கும் இடையே பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லையென அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) தம் இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் எடுத்துரைத்ததை வாசகர் அறிவர். எனவே குருதிக் கணக்கில் காலங்கழிக்காது, உறுதியாகத் தெரிந்தவற்றிற்கு வருவோம்.

1516ஆம் ஆண்டளவில் எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா பழவேற்காட்டைக் குறித்துள்ளார். விசயநகரப் பேரரசைச் சேர்ந்த இத்துறைமுகத்தில் முஸ்லிம்களும் இந்துக்களும் பெருவணிகராய் வாழ்ந்தனர் என்றும், முஸ்லிம்களின் கப்பல்கள் எண்ணற்று வந்தன என்றும், இங்கு உருவான பருத்தித் துணிகளுக்கு மலாக்காவிலும் பெகுவிலும் சுமத்ராவிலும் பெருமதிப்பு இருந்தது என்றும் அவர் வாயிலாக அறிகின்றோம். அந்நாளில் போர்த்துக்கீசியர் முஸ்லிம் வணிகரைத் தங்கள் பகைவராகவே கருதினர். பகைவர் எழுதிவைத்த சான்றாதலின் இதற்கு மதிப்பு மிகுதி.

அத்துணியின் சிறப்பு யாது? நெய்த பின் சாயமிடுவது ஒரு முறை. நூலிலேயே சாயமேற்றிப் பின்னர் நெய்வது மற்றொரு முறை. கட்டத்துணிகள் இரண்டாம் வகையின. பாவிலும் ஊடையிலும் வண்ண நூல்கள் மாறி மாறி வர, கட்டங்கள் தாமே உருவாகும். துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்னும் வேறுபாடும் இல்லை. சோழமண்டலத்துச் சிவப்பு, சாயவேரிலிருந்து எடுக்கப்பட்டது. துவைக்கத் துவைக்க மங்காதது எனப் பெயர் பெற்றது. மலாய்த் தீவுகளின் மிளகு, கிராம்பு, சாதிக்காய் விற்போர் வெள்ளிக்காசைக் காட்டிலும் இத்துணியையே பண்டமாற்றாக விரும்பினர். இன்று அப்பெயரைத் தாங்கும் கைலிகள் குடியாத்தம், குறிஞ்சிப்பாடி முதலிய ஊர்த் தறிகளில் உருவாகின்றன. ஊர் மெலிந்தாலும் பெயர் கடல் கடந்து வாழ்கின்றது.

இந்த வணிகத்தின் மீதுதான் ஐரோப்பியரின் கண் விழுந்தது. போர்த்துக்கீசியர் தங்கள் அனுமதிச் சீட்டின்றிக் கடலில் செல்லும் கலங்களைப் பறித்தனர். 1610ஆம் ஆண்டில் டச்சுக்காரர், விசயநகர வேந்தர் இரண்டாம் வேங்கடபதியிடம் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் கால்கொண்டனர். இரண்டே ஆண்டில் போர்த்துக்கீசியர் அவர்களின் பண்டகசாலையைத் தாக்கினர். அதன் விளைவாக 1613ஆம் ஆண்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடம் இதுவே. கோட்டையிலிருந்து துணி மட்டும் ஏற்றுமதியாகவில்லை. பஞ்சமும் போரும் வாட்டிய ஆண்டுகளில் வயிற்றுக்கில்லாத தமிழ், தெலுங்கு மக்கள் அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு ஏற்றப்பட்டனர். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் செதுக்கப்பட்ட எலும்புக்கூடுகளைக் கண்டு வியக்கும் பயணிகள், பெயரும் கல்லும் இன்றிக் கப்பலேறிய அம்மக்களையும் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

டச்சுக்காரரின் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியதும், சென்னை பெருநகராய் வளர்ந்ததும், 1825ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பழவேற்காட்டை முடிவாகப் பெற்றதும் துறைமுகத்தின் கதையை முடித்துவிட்டன. ஏரியோ சராசரி ஒரு மீட்டர் ஆழமே உடையது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து தூர்ந்து மூடிக்கொள்ளும். பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்ற நீர்வழியில் சென்னைக்கு விறகு ஏற்றிச் செல்லும் படகுகளே மிஞ்சின. கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர் மண்டிய மேடே உள்ளது.

கப்பல்கள் போன பின்னும் பள்ளிவாசல்கள் நின்றன. சின்னப் பள்ளிவாசலில் உள்ள நிழற்கடிகாரம் காணத்தக்கது. கடிகாரம் இல்லாத காலத்தில் தொழுகை நேரத்தைச் சூரியனே அறிவித்தான். உச்சியினின்று கதிரவன் சாய்ந்ததும் லுஹர் நேரம் தொடங்கும். உச்சிவேளை நிழலை நீக்கிப் பொருளின் உயரத்திற்கு நிழல் நீண்டதும் அஸர் தொடங்கும் என்பது ஷாபி மத்ஹபு. இரு மடங்கு நீள வேண்டும் என்பது இமாம் அபூஹனீபாவின் கருத்து. மீன்பிடிப்போர்க்கும் வணிகர்க்கும் ஒரே நேரத்தைக் காட்ட ஒரு கல்லும் அதன் நிழலும் போதுமானவையாய் இருந்தன.

இவர்களின் தாய்மொழி தமிழ். தமிழ் முஸ்லிம்கள் பிற ஊர்களில் செய்தது போலவே தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத்தமிழையும் போற்றினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகள் அமைத்தனர். குர்ஆன் ஓதக் கற்ற பெண்மணி, தமிழ் நெடுங்கணக்கு அறியாவிடினும், அதே எழுத்தில் மார்க்கச் சட்டத்தையும் கணவன் கடலுக்கு அப்பாலிருந்து விடுத்த கடிதத்தையும் படித்துவிடுவாள். இதனை வெறும் எழுத்து விந்தை எனக் கருதலாகாது. வீட்டினுள் இருந்த பெண்கல்விக்கு அதுவே வாயிலாயிற்று.

இனி மக்கள்தொகை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழக முஸ்லிம்கள் ஏறத்தாழ 42 இலட்சம் பேர், மக்கள்தொகையில் 5.86 விழுக்காடு. அக்கணக்கில் 'அரபியர்' என்று ஒரு பிரிவு இல்லை. 2007ஆம் ஆண்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தபோது வெளியான பட்டியலில் லெப்பை என்னும் பெயர் இடம்பெற்றது. ராவுத்தரும் மரைக்காயரும் அதனுள்ளேயே அடக்கம். ஆக, அரசின் ஏட்டில் இவர்கள் லெப்பைகள். வீட்டு ஏட்டில் அரபு வழியினர். இரண்டு ஏடுகளுக்கும் இடையில்தான் உண்மையான ஊர் இருக்கின்றது. முன்னோர் கட்டிய பெரிய வீடுகள் சில பாழாகி நிற்கின்றன. பிழைப்பை நாடிச் சென்னைக்குப் பெயர்ந்தோர் பலர். எஞ்சியோருள் மகளிர் பலர் பனையோலையைக் காயவைத்து, கிழித்து, சாயமேற்றிக் கூடைகளும் பெட்டிகளும் முடைகின்றனர். 1971ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திற்காகத் தீவை விட்டு வெளியேறிய மக்களும் இக்கரைகளில் வந்து குடியேறினர். ஏரியின் மேல் பசித்த வாய்கள் பெருகின. முகத்துவாரம் அடைபட்ட பருவங்களில் மீனும் இறாலும் குறைந்தன.

ஊர் கலைந்து கொண்டிருக்கும் இவ்வேளையில் நான்கு மரக்கலங்களைப் பற்றி வாதிடுவதினும் அவசரமான பணி ஒன்று உண்டு. எந்தப் பழைய ஜமாஅத்திலும் நிக்காஹ் தப்தர்கள் இருக்கும். மணமகன் எவ்வூர், மணமகள் எவ்வூர், தந்தையின் தொழில் யாது, மஹர் எவ்வளவு என்பன அவற்றில் ஆண்டு வாரியாகப் பதிவாகியிருக்கும். ஒரு குடியின் உண்மை வரலாற்றை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சாசனம் வேறில்லை. எந்தத் துறைமுகத்தோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள், எப்போது அத்தொடர்பு அறுந்தது, எந்த ஆண்டு முதல் சென்னை மாப்பிள்ளைகள் பெருகினர் என்பதெல்லாம் வரிசையாக வெளிப்படும். மையவாடியின் மீஸான் கற்களில் ஹிஜ்ரி ஆண்டு பொறித்தவை இருப்பின் அவையும் அத்தகையனவே. பெட்டிகளில் உறங்கும் அரபி ஏடுகளையோ, அரபி கற்ற ஆலிம் ஒருவரும் வரலாறு கற்ற ஒருவரும் அருகருகே அமர்ந்து படித்தால், அவை குடிவரலாறா, வணிகக் கணக்கா, ஓதும் துஆக்களா என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

உப்பங்காற்றும் கறையானும் காகிதத்திற்குப் பகை. கைபேசிகளில் படமெடுக்க அறிந்த இளைஞர்கள் இன்று எந்த ஜமாஅத்திலும் உளர். தப்தர்களை முதலில் எடுக்கலாம். அவை பள்ளிவாசலிலேயே இருப்பதால் எவர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. வீட்டு ஏடுகளுக்கு உரியவர்களின் மனம் இசைய வேண்டும். அதற்குச் சிறிது காலம் பிடிக்கும்.